அரிதாரமும் ஆலாபனையும்

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு யுத்தம் நடந்தது. குருக்ஷேத்திரத்துக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. இந்த யுத்தத்தை இரண்டு பையன்கள் ஒன்றரை மணி நேரத்தில் நடத்தி முடித்துவிட்டார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து கடற்காற்று ஜிலுஜிலுவென்று வந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் காற்றினால்கூட அவர்களுடைய உஷ்ணத்தைத் தணிக்க முடியவில்லை.

ஒருவன் என் பேரன். மற்றவன் அவனுடைய கல்லூரிச் சிநேகிதன். என் பேரன் கறுப்புச் சட்டை அணிந்திருந்தான். தூத்துக்குடி வெயில் எப்படிப்பட்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலையே உப்பாகக் காய்ச்சிக் கொடுக்கிற வெயில். அந்த வெயிலில் ஒருவன் தினந்தோறும் கறுப்புச் சட்டை போடுகிறான் என்றால் ஏதோ ஒரு விரதத்தில் இருக்கிறான் என்றுதான் அர்த்தம். விசாரித்தேன். 'ஹெவி மெட்டல்' என்னும் மேல்நாட்டுச் சங்கீதத்தின் பரம பக்தனாம் அவன்.

சண்டைக்குக் காரணம் ஒரு படம். சிநேகிதன் அதைக் கைபேசியில் எனக்குக் காட்டினான். நாலு முகங்கள். சிவந்த உதடு, மை தீட்டிய கண், கன்னத்தில் ரோஜாச் சிவப்பு. தலைமயிரோ சிங்கத்தின் பிடரியைப் போல் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"பெண்கள் லட்சணமாயிருக்கிறார்களே! யாரப்பா இவர்கள்?" என்று கேட்டேன்.

"ஐயோ தாத்தா! நாலு பேரும் ஆம்பிளைங்க!" என்று பேரன் தலையில் அடித்துக்கொண்டான்.

1986-ல் வெளிவந்த 'பாய்ஸன்' என்ற அமெரிக்கக் கோஷ்டியின் முதல் இசைத்தட்டு அட்டை அது. பேரன் எனக்குப் பூர்வ கதையெல்லாம் சொன்னான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே தகரப் பட்டறை இயந்திரத்தில் விரல் நுனிகளைப் பறிகொடுத்த ஓர் இளைஞன் கிதார் வாசித்த 'பிளாக் சப்பாத்' கோஷ்டியிலிருந்து, 1970 வாக்கில் இந்தக் கனத்த சங்கீதம் கிளம்பியது. பிறகு 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு கூட்டம் புறப்பட்டது. முகத்தில் சாயம், உடம்பில் பளபளப்பு, பாட்டில் காதல், கேட்டவர்கள் உடனே கூடப் பாடும்படியான மெட்டு. தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இதற்குத்தான் 'கிளாம் மெட்டல்' என்று பெயர். அசல் ஹெவி மெட்டல் பக்தர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டிக்கொண்டு வருமாம்.

"வாசிப்பு மோசமோ?" என்று கேட்டேன்.

"வாசிப்பெல்லாம் வாசிப்பாங்க தாத்தா. அது இல்ல விஷயம். மூஞ்சியில சாயம் பூசிக்கிட்டு வாறவனுக்கெல்லாம் மரியாதை கொடுக்க முடியாது. அது சங்கீதம் இல்ல, வேஷம்."

நேயர்களே! இந்த வாசகம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸை நான் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. ஆனால் இந்த வாசகத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். விளாத்திகுளம் ரஸ்தாவில் இருக்கும் ஒரு கிராமத்தில், என் பெரியப்பா வீட்டுத் திண்ணையில், அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தோம். இரவு முழுதும் 'வள்ளி திருமணம்' நாடகம். நான் பபூன் வரும்போது மட்டும் விழித்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் பாயில் உருண்டு தூங்கினேன். விடிந்ததும், முருகனாக வேஷம் கட்டிய ராஜபார்ட் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம். முகத்தில் எண்ணெயைத் தடவி அரிதாரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, தமக்குத்தாமே தோடி ராகத்தை முனகினார்.

என் பெரியப்பா லேசுப்பட்ட ரசிகர் அல்ல. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் என்றால் வண்டி கட்டிக்கொண்டு போவார். அவர் உள்ளே பூஜையில் இருந்தார். மணியடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"யாருடா அது? எந்த ஊர் வித்வான்? நாற்காலி கொண்டுபோய்ப் போடு, இதோ வருகிறேன்!" என்றார்.

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெரியப்பா அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். பாடினவருடைய ஒரு கன்னம் மனித நிறமாகிவிட்டது; மற்றக் கன்னம் இன்னும் முருகனாகவே இருந்தது.

"ஓகோ! கூத்தாடியா?" என்றார் பெரியப்பா. அப்புறம் என்னைப் பார்த்து, "காப்பியை இங்கேயே கொடுத்துவிடு. வேஷக்காரனுக்கு நாற்காலி எதற்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். டம்ளரைத் தாமே கழுவி வைத்தார். "காப்பி நல்லா இருந்தது தம்பி" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போட்ட நாற்காலியைத் திரும்ப உள்ளே தூக்கிப்போனவன் நான்தான்.

ஒரு நிமிஷத்துக்கு முன் காது 'வித்வான்' என்று சொன்னது. ஒரு நிமிஷத்துக்குப் பின் கண் 'கூத்தாடி' என்று சொன்னது. தோடி மட்டும் மாறவில்லை. இதுதான் நான் இன்றைக்கு உங்கள் முன் வைக்கிற வழக்கு.

பெரியப்பாவின் கட்சியையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நாடக மேடைப் பாட்டில் ஆர்ப்பாட்டம் அதிகம். கைதட்டலுக்காக மேல் ஸ்தாயியில் போய் நின்றுகொண்டு இறங்கிவர மறுப்பார்கள். ஹார்மோனியத்தின் கட்டைகள் அந்தந்த ஸ்வரத்தில் நிற்குமே தவிர, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிப் போகாது. நம் ராகங்களுக்கு உயிரான கமகம் அதில் பிடிபடாது. இவையெல்லாம் வாஸ்தவம். இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. மறுபடி அரைக் கதவாவது திறப்பதற்கு 1971 வரையில் ஆயிற்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நாடக மேடையை உண்டாக்கியவர் யார்? சங்கீத ஞானம் இல்லாத யாரோ ஒரு வேஷக்காரரா?

தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். எங்கள் ஊர் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். உப்புக் கணக்கில் மனம் பொருந்தாமல், இருபத்து நாலாவது வயதில் நாடகத்துக்குப் போய்விட்டார். எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் என்று பயங்கர வேஷங்களாகப் போட்டார். பிறகு வேஷத்தை விட்டு எழுத உட்கார்ந்தார். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்', 'சத்தியவான் சாவித்திரி' என்று நாற்பதுக்குக் குறையாத நாடகங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கி, சிறு பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழக்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே படித்தவர்கள்தாம். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

இவருக்கு லய ஞானத்தில் வழிகாட்டியவர் யார் தெரியுமா? புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கச்சேரி மேடையில் கஞ்சிராவைக் கொண்டுவந்து உட்கார வைத்த மகா மேதை. அவர் சுவாமிகளைத் தம் பிள்ளையாகவே பாவித்தார். ஆகவே, சபாவில் தாளத்துக்குத் தலையாட்டுகிற ரசிகரும், கொடையில் நாடகம் பார்த்துத் தலையாட்டுகிற குடியானவரும் ஒரே ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒருவருக்கு வெள்ளிக் கூஜா, மற்றவருக்குப் பித்தளைச் செம்பு. தண்ணீர் வேறா?

சரி, அரிதாரம் எதற்கு? தொண்டை கிழியும் மேல் சுருதி எதற்கு? இதையும் யோசித்துப் பாருங்கள். சபாக் கச்சேரியில் பாடகர் ஒரு கட்டையிலோ இரண்டு கட்டையிலோ சௌக்கியமாகப் பாடலாம். கேட்கிறவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாடகம் நடந்ததோ பொட்டலில். ஒலிபெருக்கி வராத காலம். விளக்கு வெளிச்சம் மங்கல். கடைசி வரிசையில், அன்றைக்கு முழுதும் மூட்டை சுமந்த ஒருவன் தன் கூலியில் சில்லறையை எண்ணிக் கொடுத்து மணலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணுக்கு முகம் தெரிய வேண்டும், அதற்காக அரிதாரம். அவன் காதுக்குச் சாகித்தியம் விழ வேண்டும். அதற்காக நாலு கட்டை, ஐந்து கட்டைச் சுருதி. முன் வரிசைக்காரருக்கு ஆடம்பரமாகப் படுவது கடைசி வரிசைக்காரனுக்குச் செய்த மரியாதை.

அந்தச் சுருதியில் ராகத்தைச் சிதைக்காமல் பாடுவது விளையாட்டா? செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்து 1933-ல் மறைந்தார். இருபத்தேழு வயதுதான். அதற்குள் தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஆட்டிவைத்துவிட்டார். கன்னையா கம்பெனியில் நடித்த அந்த மனிதர் தியாகராஜ சுவாமிகளின் 'எவரனி' கீர்த்தனையைப் பாடிய இசைத்தட்டை இன்றும் கேட்கலாம். கேட்டுவிட்டு, இது நாடகப் பாட்டுத்தானே என்று ஒதுக்க உங்களுக்கு மனம் வருகிறதா, பாருங்கள்.

கடலுக்கு அப்பால் கொழும்பில்தான் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். 1914-ல் தனுஷ்கோடிப் பாதை திறக்கும் வரையில் கொழும்புப் பிரயாணிகளுக்கு எங்கள் தூத்துக்குடிதான் பெரிய வாசல். ஆகையால் இந்தக் கதைகளெல்லாம் எங்களுக்கு வீட்டுக் கதைகள் மாதிரி.

சுந்தராம்பாளின் வாழ்க்கையில் நம் வழக்குக்கு வேண்டிய சாட்சியம் இருக்கிறது. கிட்டப்பா மறைந்தபோது அந்த அம்மாளுக்கு வயது இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. 1935-ல் 'நந்தனார்' படத்தில் அவர் நந்தனாராக நடித்ததற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1953-ல் 'ஔவையார்' வந்தபோது, நாடகக்காரி என்று வாசலில் நிறுத்திய வீடுகளெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டன. சந்தோஷம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஜரிகைச் சேலையும் கொண்டையும் மல்லிகைப் பூவுமாக வள்ளி வேஷத்தில் நின்று பாடியபோதும் அதே குரல்தானே? நாம் கும்பிட்டது குரலையா, வெள்ளைச் சேலையையா?

சபா வித்வான்கள் அரிதாரம் பூசவில்லையோ என்றால், அதுவும் இல்லை. மகாராஜபுரத்தைச் சொன்னேன். முசிரி சுப்பிரமணிய அய்யர் 1938-ல் 'துக்காராம்' ஆனார். ஜி. என். பாலசுப்பிரமணியமும் எம். எஸ். சுப்புலட்சுமியும் 1940-ல் 'சகுந்தலை'யில் துஷ்யந்தனும் சகுந்தலையுமாக வந்தார்கள். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கச்சேரி மேடைக்குத் திரும்பியபோது யாரும் நாற்காலியைப் பிடுங்கவில்லை. அரிதாரம் ஒன்றுதான், ஆளைப் பார்த்து அது ஒட்டுகிறது, ஒட்டாமல் போகிறது!

இன்னொருவரைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ். நாவிதர் குலத்தில் பிறந்தார் என்பதற்காக அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு அவர் தேசியப் பாட்டுப் பாடுவார். மேடையிலேயே போலீஸார் காத்திருப்பார்கள். எத்தனையோ தடவை சிறை சென்றார். 1940, டிசம்பர் 31 இரவு சென்னையில் 'வள்ளி திருமணம்'. மயில் மேல் உட்கார்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. வேஷம் கலையாமலே போனார். இதை 'வெறும் வேஷம்' என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

இத்தனையும் மொட்டை மாடியில் நான் சொல்லி முடித்தபோது பையன்கள் இருவரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டவன் சிநேகிதன்தான்.

"தாத்தா, இவன் சட்டையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றான்.

கறுப்புச் சட்டையில் 'பாண்டேரா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டெக்ஸாஸ் மாகாணத்துக் கோஷ்டியாம். 1990-ல் வந்த இசைத்தட்டிலிருந்து உலகத்திலேயே கடுமையான கோஷ்டிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியவர்கள். சிநேகிதன் கைபேசியைத் தட்டி வேறொரு படத்தைக் காட்டினான். அதே கோஷ்டி, ஆனால் 1980-களில் எடுத்தது. சிலிர்த்த தலைமயிர், உடம்போடு ஒட்டிய பளபள உடை, சாயம்! 1983-ல் முதல் இசைத்தட்டு போட்டபோது அவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்களாம்.

"அதெல்லாம் சின்ன வயசுல, தாத்தா" என்று பேரன் இழுத்தான்.

"இன்னொன்றும் இருக்கு தாத்தா" என்று சிநேகிதன் விடவில்லை. 1983-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தை எட்டிய முதல் ஹெவி மெட்டல் இசைத்தட்டு என்று சொல்லப்படுவது 'கொயட் ரயட்' கோஷ்டியினுடையது. அவர்களும் இந்த மினுக்கல் ஜாதிதான். அவர்கள் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் கடுமையான கோஷ்டிகளுக்கும் கடைக்காரர்கள் இடம் கொடுத்தார்களாம்.

நான் பேரனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீ போட்டிருக்கிற இந்தக் கறுப்பு, உன் வித்வான்கள் போட்டுக்கொள்கிற தோல் சட்டை, ஆணி அடித்த வார், இதெல்லாம் வேஷம் இல்லையா?" 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' கோஷ்டிப் பாடகர் 1970-களின் கடைசியில் மேடைக்கென்றே தேடிப் பிடித்த உடுப்பு அது என்று அவனே ஒப்புக்கொண்டான். நம் சபாக்களிலும் ஜரிகை அங்கவஸ்திரமும் வைரக் கடுக்கனும் மின்னத்தானே செய்கின்றன? வேஷம் இல்லாத மேடை எங்கே இருக்கிறது? நம் வேஷம் நமக்கு உடுப்பாகத் தெரிகிறது. அடுத்தவன் உடுப்பு நமக்கு வேஷமாகத் தெரிகிறது.

ஆனால் பேரன் முழுக்கத் தோற்றுவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் அவன் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. "சாயம் பூசினா மட்டும் போதும்னு கம்பெனிக்காரங்க நூறு கோஷ்டியைக் கொண்டுவந்து இறக்கிட்டாங்க தாத்தா. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அதான் 1991-ல 'நிர்வானா' வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க." இதுவும் நிஜம். நாடகத்திலும் தொண்டை இல்லாதவர்கள் ஜரிகையை நம்பி வந்தது உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

எங்கள் ஊர் முத்துக்குளிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைசியாக 1961-ல் நடந்தது. குளித்தெடுத்த சிப்பிகளைக் கரையில் ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விடுவார்கள். ஒரு சிப்பியைக்கூடத் திறந்து பார்க்காமல்தான் ஏலம் கேட்க வேண்டும். வாங்கினவர் அதை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு, கழுவிக் கழுவித் தேடுவார். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது. அதற்காக, ஓட்டைப் பார்த்தே 'இதில் முத்து இல்லை' என்று கடலில் வீசிவிட்டுப் போன வியாபாரி எவரும் இல்லை.

நான் கேட்கிற மரியாதை அவ்வளவுதான். எல்லாரையும் மேதை என்று சொல்ல வேண்டாம். திறந்து பாருங்கள் என்கிறேன். காது தீர்ப்புச் சொல்லி முடிக்கும் வரையில் கண்ணைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பேரன் பாய்ஸன் கோஷ்டியைக் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லட்டும். கேட்காமல் சொல்வதுதான் என் பெரியப்பாவின் பாவம். என் பாவமும் அதுதான்.

விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் கொடைக்கு 'ஸ்பெஷல் நாடகம்' வைக்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஹார்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சில சமயம் முதல் தடவையாக முகம் பார்த்துக்கொள்வதே மேடைக்குப் பின்னால்தான். அப்படியிருந்தும் விடிய விடிய நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வார்கள். அந்த க்ஷணத்தில் தோன்றுகிற தமிழ். அந்த க்ஷணத்தில் தோன்றுகிற ராகம். இது எந்தச் சபா வித்வானின் மனோதர்மத்துக்குக் குறைச்சல், சொல்லுங்கள்.

இந்த வருஷக் கொடைக்கு நானும் போகிறேன். பேரனும் வருகிறேன் என்றிருக்கிறான். கறுப்புச் சட்டையோடுதான் வருவானாம். வரட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் நாடகம் நடந்தால் நீங்களும் போங்கள். பபூன் போன பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருங்கள். விடியற்காலையில் அரைக் கன்னத்தில் அரிதாரத்தோடு யாராவது உங்கள் திண்ணைப் பக்கம் வந்தால், காப்பி கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கள். போட்ட நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அறுபது வருஷம் ஆனாலும் அது கனக்கும்.